சிரித்த கதையை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

அலுவலகத்தில் மதிய உணவு நேரம். ஒருவர் சொன்ன வேடிக்கையைக் கேட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் ஒருவர் “ஐ ஆம் இன் ஸ்டிட்சஸ்” என்கிறார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. பொருளும் சரிதான், விலா நோகச் சிரிப்பதைத்தான் அந்தத் தொடர் குறிக்கிறது. இருந்தாலும் கேட்பவர்களுக்கு என்னவோ நெருடுகிறது.

தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே “நான் இப்போது விழுந்து விழுந்து சிரிக்கிறேன்” என்று யாராவது சொல்வார்களா? மறுநாள் வேறொருவரைப் பார்க்கும்போது, “நேற்று அவர் பேசியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்” என்று சொல்வோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். சிரிப்பைப் பற்றிய மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை நடந்து முடிந்த சிரிப்பை இன்னொருவருக்குச் சொல்லப் பயன்படுபவை. பொருள் விளக்கம் தரும் கையேடுகள் இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. சிரிக்கிற நேரத்தில் சிரித்தாலே போதும். வாய் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் “தட்ஸ் ஹிலேரியஸ்” என்பார்கள். நெருங்கிய நண்பர்களுக்குள் “ஸ்டாப் இட், யூ ஆர் கில்லிங் மீ” என்பார்கள். அதற்கு மேல் வேண்டியதில்லை.

மரபுத்தொடர்களுக்குப் போவதற்கு முன்பு இரண்டு சிறிய சொல் இணைகளை ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது. இவை தடுமாறினால் எவ்வளவு அழகான தொடரும் எடுபடாது.

முதலாவது, ‘ஸ்மைல்’, ‘லாஃப்’ என்ற இரண்டும். புன்னகை என்ற சொல் நம்மிடம் இருந்தாலும் அன்றாடப் பேச்சில் இரண்டுக்கும் சிரிப்பு என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால் “பார்த்துச் சிரித்தார்” என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் “ஷீ லாஃப்ட் அட் மீ” என்றால், அன்பாகப் பார்த்தவர் கேலி செய்தவராகிவிடுகிறார். அங்கே “ஸ்மைல்ட் அட் மீ” என்றிருக்க வேண்டும். ‘அட்’ என்ற குட்டிச் சொல் ‘ஸ்மைல்’ பக்கத்தில் சாதுவாக இருக்கும். ஆளைக் காட்டும் சொல்லோடும் ‘லாஃப்’ என்பதோடும் சேர்ந்தால் குத்தும். நகைச்சுவையையோ கார்ட்டூனையோ கேட்டு, பார்த்துச் சிரிப்பதற்கு ‘லாஃப் அட்’ போடலாம், தவறில்லை. மனிதருக்குப் போட்டால் அது ஏளனம். ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது ‘லாஃப் வித்’. நண்பர் கோபித்துக்கொண்டால் “வீ ஆர் லாஃபிங் வித் யூ, நாட் அட் யூ” என்று சமாதானம் சொல்வது அங்கே வழக்கம். (பெரும்பாலும் பொய்தான்.)

இரண்டாவது, ‘ஃபன்’, ‘ஃபன்னி’. சுற்றுலா நன்றாக இருந்தது என்று சொல்ல நினைத்து “த டிரிப் வாஸ் வெரி ஃபன்னி” என்பவர்கள் நம்மில் ஏராளம். மகிழ்ச்சியாக இருந்தால் ‘ஃபன்’. சிரிப்பு வந்தால் ‘ஃபன்னி’. போதாததற்கு ‘ஃபன்னி’ என்ற சொல்லுக்கு ‘வினோதமான’, ‘சந்தேகப்பட வைக்கிற’ என்ற பொருளும் உண்டு. பால் “டேஸ்ட்ஸ் ஃபன்னி” என்றால் அது திரிந்துபோயிருக்கிறது. பிரிட்டனில் ஒருவரை ‘ஃபன்னி’ என்று சொன்னால், “ஃபன்னி ஹாஹா ஆர் ஃபன்னி பெக்கூலியர்?” என்று எதிர்க்கேள்வி கேட்பது பழைய வேடிக்கை. சிரிக்க வைக்கிறவரா, ஒரு மாதிரியானவரா என்று கேட்கிறார்கள்.

இனி சிரித்த கதைகள். குபீரென்று சிரிப்பு கிளம்பும் நொடிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: “பர்ஸ்ட் அவுட் லாஃபிங்”, “பர்ஸ்ட் இன்டு லாஃப்டர்”. ‘அவுட்’ வந்தால் பின்னால் ‘லாஃபிங்’. ‘இன்டு’ வந்தால் பின்னால் ‘லாஃப்டர்’. இரண்டையும் கலந்து ‘பர்ஸ்ட் இன்டு லாஃபிங்’ என்றால் பிழை. ‘பர்ஸ்ட்’ என்பதற்கு இறந்தகால வடிவமும் அதேதான்; ‘பர்ஸ்டட்’ கிடையாது. அழுகைக்கும் இதே அச்சுதான்: ‘பர்ஸ்ட் அவுட் க்ரையிங்’, ‘பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்’. இந்தத் தொடருக்கு ஒரு வசதி உண்டு. நாளிதழிலும் எழுதலாம், மேலாளரிடமும் சொல்லலாம், பாட்டியிடமும் சொல்லலாம். எங்கும் துருத்திக்கொண்டு நிற்காது. ஒரே ஒரு தொடரைத்தான் பழகிக்கொள்ள முடியும் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘க்ராக் அப்’ இன்னும் பேச்சுத்தன்மை உடையது. அடக்கி வைத்திருந்த முகம் சட்டென்று உடைந்து சிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தானே சிரித்தால் “ஐ க்ராக்ட் அப்”. இன்னொருவர் சிரிக்க வைத்தால் “ஹீ க்ராக்ட் மீ அப்”. ‘மீ’ என்பது நடுவில் வருவதைக் கவனியுங்கள். ‘க்ராக்ட் அப் மீ’ என்று கடைசியில் தள்ளினால் வாக்கியம் நொண்டும். நிகழ்காலத்தில் “ஷீ க்ராக்ஸ் மீ அப்” என்றால் அது பாராட்டு: அவள் எப்போதுமே அப்படித்தான், வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று பொருள். சகோதரியையோ, நெருங்கிய தோழியையோ, எதிர்வீட்டுக் குழந்தையையோ பற்றி இப்படிச் சொல்லலாம். இதே தொடருக்கு மனம் உடைந்துபோவது என்ற பொருளும் உண்டு. “வேலைப்பளுவில் க்ராக் அப் ஆகிவிட்டார்” என்றால் அவர் சிரிக்கவில்லை; அவருக்கு மருத்துவர் தேவைப்படலாம்.

முதலில் பார்த்த ‘இன் ஸ்டிட்சஸ்’ என்ற தொடரில் வருவது தையல் இல்லை. ஓடும்போது விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும் வலிக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்டிட்ச்’ என்றுதான் பெயர். அந்த வலி வரும் அளவுக்குச் சிரிப்பதைத்தான் தொடர் சொல்கிறது. 1601-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மரியா என்ற பாத்திரம், விலா பிடித்துக்கொள்ளும்படி சிரிக்க வேண்டுமா, என்னோடு வாருங்கள் என்று கூட்டாளிகளை அழைக்கும் இடத்தில் இதே சொல் வருகிறது. நாம் விலா நோகச் சிரிக்கிறோம், வயிறு வலிக்கச் சிரிக்கிறோம்; அவர்களுக்கும் சிரிப்பு அதே இடத்தில்தான் வலிக்கிறது. பழக வேண்டிய வடிவங்கள் இரண்டு: “வீ வேர் இன் ஸ்டிட்சஸ்”, “ஹீ ஹாட் அஸ் இன் ஸ்டிட்சஸ்”. முன்னால் ‘வெரி’ போட முடியாது. ‘இன்’ என்பதை விட்டுவிட்டு ‘ஹீ ஹாட் ஸ்டிட்சஸ்’ என்றால் அவருக்கு அடிபட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் ஒரே நிகழ்ச்சியில் பொருத்திப் பார்க்க, கிரிக்கெட் ரசிகர்கள் பலருக்கும் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. 1991 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் டெஸ்ட் போட்டி. அம்ப்ரோஸ் வீசிய பந்தை அடிக்கப்போன இயன் போத்தம் நிலைதடுமாறினார். ஸ்டம்புகள் மேல் விழுந்துவிடாமல் காலைத் தூக்கித் தாண்டப் பார்த்தார். தொடை பட்டு பெயில் விழுந்துவிட்டது. ஹிட் விக்கெட் முறையில் அவுட். அன்றைய ஆட்டம் முடிந்ததும் பிபிசி வானொலியில் பிரையன் ஜான்ஸ்டனும் ஜோனதன் அக்னியூவும் நாளின் ஆட்டத்தைத் தொகுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போத்தமால் காலைத் தாண்டி வைக்க முடியவில்லை என்று சொல்ல வந்த அக்னியூ ஒரு தொடரைப் பயன்படுத்தினார். பிரிட்டன் பேச்சுவழக்கில் அந்தத் தொடருக்குப் படுக்கையறை சார்ந்த இன்னொரு பொருள் உண்டு.

ஜான்ஸ்டனுக்கு அப்போது வயது 79. கேட்டதைக் கேளாதது போல ஸ்கோரைத் தொடர்ந்து வாசித்தார். சில நொடிகள் தாக்குப்பிடித்தார். பிறகு குரல் மெலிந்தது, கீச்சிட்டது, வார்த்தை பாதியில் நின்றது. நிறுத்தும்படி அக்னியூவிடம் கெஞ்சினார். அக்னியூ உதவ வாயைத் திறந்தால் அவருக்கும் பேச்சு வரவில்லை. நேரடி ஒலிபரப்பில் கேட்டதெல்லாம் மூச்சுத்திணறலும் விசும்பல் போன்ற ஒலியும்தான். இந்த ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஆங்கிலம் பழகுகிறவர்கள் ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மொழி அரைகுறையாகப் புரிந்தாலும் சிரிப்பு தொற்றிக்கொள்ளும்.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? முதலில் பொருந்துவது “ஜான்ஸ்டன் காட் த கிகிள்ஸ்”. ‘த கிகிள்ஸ்’ என்பது சிரிக்கக்கூடாத இடத்தில் வந்து, அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பு. வகுப்பறை, துக்க வீடு, நேர்காணல், நேரடி ஒலிபரப்பு எல்லாம் அதற்கு உகந்த இடங்கள். நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து தாராளமாகச் சிரித்ததற்கு இந்தத் தொடர் சரிவராது. அங்கே யாரும் யாரையும் அடக்கச் சொல்லவில்லையே. அவர் தாக்குப்பிடிக்கப் பார்த்த சில நொடிகளுக்கு “ஹீ ட்ரைட் டு கீப் எ ஸ்ட்ரெய்ட் ஃபேஸ்”, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். வானொலியில் முகம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தொடருக்கு அது தடையில்லை. சிரிப்பை மூட்டியவரை முன்னிறுத்த வேண்டுமா? “அக்னியூ க்ராக்ட் ஹிம் அப்”. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமா? “தே ஹாட் த லிசனர்ஸ் இன் ஸ்டிட்சஸ்”. நிகழ்ச்சி ஒன்றுதான், யாருடைய பக்கத்திலிருந்து கதையைச் சொல்கிறோம் என்பதற்கு ஏற்பத் தொடர் மாறுகிறது. “ஜான்ஸ்டன் லாஃப்ட் அட் போத்தம்” என்று யாராவது எழுதினால், நல்ல மனிதர் ஒருவர் விழுந்தவரைப் பார்த்துக் கைகொட்டியவராகிவிடுவார்.

மேடையில் வசனம் பேசிக்கொண்டிருக்கும் நடிகருக்கு இப்படிச் சிரிப்பு பீறிட்டால், பிரிட்டன் நாடகக்காரர்கள் அதற்கு ‘கார்ப்ஸ்’ என்பார்கள். பிணத்தைக் குறிக்கும் அதே சொல்தான், இங்கே வினைச்சொல்லாக வருகிறது. புரிந்துகொள்ள இருக்கட்டும், பயன்படுத்த வேண்டிய தேவை உங்களுக்கு வராது.

மிகைப்படுத்திச் சொல்லும் தொடர்கள் நிறைய. “ஐ லாஃப்ட் மை ஹெட் ஆஃப்” என்றால் தலை கழன்று விழும்படி சிரித்தேன். ‘மை’ என்பது ஆளுக்கு ஏற்ப மாறும்: அவர் என்றால் ‘ஹிஸ்’, அவர்கள் என்றால் ‘தேர்’. “ஐ நியர்லி டைட் லாஃபிங்” என்பதில் ‘நியர்லி’ இருப்பது உயிருக்கு உத்தரவாதம். இளைஞர்கள் அதையும் விட்டுவிட்டுச் செய்தியில் “ஐ ஆம் டெட்” என்று மட்டும் எழுதி ஒரு மண்டையோட்டுப் படத்தை ஒட்டுகிறார்கள். முதல்முறை பார்க்கும் பெற்றோர் பதறத்தான் செய்வார்கள். நம்முடைய ‘விழுந்து விழுந்து’ என்பதற்கு நேர்ச்சாயலாகப் பிரிட்டனில் ‘ஃபால் அபவுட் லாஃபிங்’ என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் அது அவ்வளவாகப் புழங்காது.

ஒரு கதைக்கு ஒரு தொடர் போதும். ‘பர்ஸ்ட் அவுட்’ செய்து, தலை கழன்று, விலாவும் பிடித்துக்கொண்டது என்று ஒரே மூச்சில் மூன்றையும் அடுக்கினால், முந்தின இரவு உட்கார்ந்து மனப்பாடம் செய்தது தெரிந்துவிடும். “வீ குடின்ட் ஸ்டாப் லாஃபிங்” என்ற சாதாரண வாக்கியத்தில் மரபுத்தொடர் எதுவும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தினமும் அதையேதான் சொல்கிறார்கள்.

யாருமே சிரிக்காத தொடர்கள்

‘லாஃப்’ என்ற சொல் வந்தாலே சிரிப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் சறுக்கும் இடம் இது. ‘ஹேவ் த லாஸ்ட் லாஃப்’ என்றால் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. மட்டம் தட்டப்பட்டவர் கடைசியில் வென்று காட்டினார் என்று பொருள். முன்கதை இல்லாமல் இதைப் பயன்படுத்த முடியாது: முதலில் யாரோ ஏளனம் செய்திருக்க வேண்டும், பிறகு நிலைமை தலைகீழாக மாறியிருக்க வேண்டும். வேலைக்கு ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஆட்டக்காரர் இறுதிப்போட்டியில் சதம் அடித்தால் விளையாட்டுப் பக்கத்தில் இந்தத் தொடர் தவறாமல் வரும். யாரும் கேலி செய்யாத ஒருவர் போட்டியில் வென்றால் அது வெறும் வெற்றிதான்.

‘லாஃப் ஆல் த வே டு த பேங்க்’ பணத்தைப் பற்றியது. பிறர் குறை சொன்ன வேலையிலோ, சிரமப்படாமல் செய்த வேலையிலோ ஒருவர் கொட்டிக் கொட்டிச் சம்பாதிக்கும்போது சொல்வது. இதன் சாயலில் ‘அழுதுகொண்டே பேங்குக்குப் போனேன்’ என்ற கிண்டலை 1950-களில் பிரபலமாக்கியவர் அமெரிக்க பியானோ கலைஞர் லிபராச்சி. விமர்சகர்கள் அவரைக் கிழித்தெடுத்தார்கள், அரங்குகளோ நிரம்பி வழிந்தன. அந்த நிலையில் இருந்தவரின் பதில் அது. தொடரில் இன்றும் ஒரு சிட்டிகைப் பொறாமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் முதலாளியின் லாபத்தைப் பாராட்ட இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாராட்டாக அவர் காதில் விழாது.

‘லாஃபிங் ஸ்டாக்’ என்பதில் வருத்தம் அதிகம். ஊர் சிரிக்கிறது, சந்தி சிரிக்கிறது என்கிறோமே, அந்த நிலைக்கு ஆளானவர். தன்னைப் பற்றிச் சொன்னால் புலம்பல், பிறரைப் பற்றிச் சொன்னால் கடும் சொல். ‘இட்ஸ் நோ லாஃபிங் மேட்டர்’ என்றால், இது சிரிக்கிற விஷயமில்லை என்று அதட்டுவது. வயதிலோ பதவியிலோ மேலே இருப்பவர் வாயிலிருந்து வந்தால் பொருந்தும், கீழே இருப்பவர் சொன்னால் துடுக்காகத் தெரியும். ‘டோன்ட் மேக் மீ லாஃப்’ என்பதைப் பார்த்து யாரோ சிரிப்பை அடக்கப் பாடுபடுகிறார்கள் என்று நினைக்கலாம். சில சமயம் உண்மையிலேயே அப்படித்தான், உதடு வெடித்திருப்பவர் சொன்னால். மற்றபடி அது, “போய்யா, நடக்கிற காரியமா?” என்ற மறுப்பு.

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் முதல் மாதத்திலேயே எதிர்கொள்ளும் தொடர் “யூ ஆர் ஹேவிங் எ லாஃப்”. வாடகை எவ்வளவு என்று சொன்னதும் கேட்பவர் இப்படிச் சொன்னால், “விளையாடுகிறீர்களா?” என்று பொருள். பெரும்பாலும் எரிச்சல் கலந்திருக்கும். பதிலுக்குச் சிரித்து வைக்காமல், “நோ, ஐ ஆம் சீரியஸ்” என்று சொல்லிவிடுங்கள். அதே ஊரில் ஒருவரைப் பற்றி “ஹீ இஸ் எ குட் லாஃப்” என்றால் அவரோடு இருந்தால் பொழுது நன்றாகப் போகும் என்ற நற்சான்று. “ஹீ இஸ் எ ஜோக்” என்று மாற்றிச் சொல்லிவிட்டால் அவமதிப்பு, அந்த மனிதர் எதற்கும் லாயக்கில்லாதவர் என்று ஆகிவிடும்.

‘லாஃப் இட் ஆஃப்’ மட்டும் கொஞ்சம் சிரிப்போடு தொடர்புடையது. அவமானமோ வதந்தியோ அடியோ, எதுவாக இருந்தாலும் சிரித்தே தட்டிவிடுவது. ‘இட்’ நடுவில் நிற்கும். ‘லாஃப் ஆஃப் இட்’ என்று புரட்டினால் ஒன்றும் புரியாது.

நம் பள்ளிக் கையேடுகளில் ‘லாஃப் இன் ஒன்ஸ் ஸ்லீவ்’ என்று ஒன்று நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. அகலமான சட்டைக்கைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பது. நம்முடைய நமட்டுச் சிரிப்புக்குப் பங்காளி. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும். இன்றைய உரையாடலில் சொன்னால் பழைய நாவலிலிருந்து எழுந்து வந்தவரைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள். ‘ஸ்ப்ளிட் ஒன்ஸ் சைட்ஸ்’ என்பதும் பேச்சில் தேய்ந்துவிட்டது. ‘சைட் ஸ்ப்ளிட்டிங்’ என்ற வடிவில் நாடக, திரைப்பட விமர்சனங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிக்கும்போது புரிந்தால் சரி.

பழகும் வழி என்று தனியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கில நேர்காணல்களில் ஒருவர் தன் பழைய வேடிக்கைக் கதையைச் சொல்லும் பகுதிகளைக் கவனியுங்கள். சிரிப்புத் தொடர்கள் அங்கேதான் விளைகின்றன. பிறகு உங்கள் வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் சிரிப்புக் கதை ஒன்று இருக்குமே, கல்யாண வீட்டில் சித்தப்பா வேறொரு பந்தியில் போய் உட்கார்ந்தது மாதிரி, அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கதையின் உச்சத்தில் ஒரே ஒரு தொடர். யார் சிரித்தார்கள், யாரைப் பார்த்து, அடக்கியா அடக்காமலா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால், பொருத்தமான தொடர் எது என்பதில் குழப்பம் இருக்காது.

கைப்பேசியில் சிரிப்பது

செய்திகளில் மட்டும், சிரிப்பு நடக்கும் நொடியிலேயே அதை அறிவிக்க வேண்டியிருக்கிறது, முகம் தெரியாதே. அதற்காக வந்ததுதான் ‘எல்ஓஎல்’, வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிக்கும் ‘லாஃபிங் அவுட் லவுட்’ என்பதன் சுருக்கம். 2011 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே அதைச் சேர்த்துக்கொண்டது. இதில் தடுமாறுகிறவர்கள் நாம் மட்டும் இல்லை. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸுக்கு அனுப்பிய செய்திகள் சிலவற்றை ‘எல்ஓஎல்’ என்று முடித்திருக்கிறார். ‘லாட்ஸ் ஆஃப் லவ்’, அதாவது ‘நிறைய அன்புடன்’ என்பதன் சுருக்கம் என்று நினைத்திருந்தாராம். 2012 மே மாதம், பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணையில் புரூக்ஸே இதைச் சொன்னபோது நாடே சிரித்தது. இரங்கல் செய்தியில் அன்பைத் தெரிவிக்க இதைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘எல்ஓஎல்’ சிரிப்பைக்கூட அவ்வளவாகக் குறிப்பதில்லை. “பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன் எல்ஓஎல்” என்பதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? சொல்வதன் கூர்மையைக் குறைக்கும் சிறிய அசைச்சொல்லாக அது மாறிவிட்டது. பலமாகச் சிரிப்பதற்குப் போடும் இன்னொரு சுருக்கமான ‘எல்எம்ஏஓ’ விஷயத்தில் கவனம் தேவை. அதில் ‘ஏ’ என்பது பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். எல்லோரும் போடுகிறார்களே என்று அலுவலகக் குழுவிலோ பேராசிரியருக்கோ அனுப்பிவிட வேண்டாம். மேலிடத்திலிருந்து வரும் நகைச்சுவைக்கு ‘ஹாஹா’ என்று எழுதினால் பாதகமில்லை. ஒரே ஒரு ‘ஹா’ மட்டும் எழுதி, பக்கத்தில் முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டால், நகைச்சுவை எடுபடவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.